பார்சல் லாக்கர் அறிவிப்புக்குக் காப்புரிமை: கிண்டி அலுவலகத்தின் பரிசோதனைச் சேவை எப்படி?

"பார்சலை உள்ளே வைத்ததும் உரியவருக்கு மெசேஜ் போகிற மாதிரி செய்திருக்கிறோம், பேட்டன்ட் கிடைக்குமா?" ஸ்மார்ட் லாக்கர் தயாரிப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய பகுதிகளில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியோடு போக வேண்டிய இடம் சென்னை கிண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள காப்புரிமை அலுவலகம். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கொடுத்த பதிவகமும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. போகிறோம் என்பதுகூடப் பேச்சுக்குத்தான். விண்ணப்பம், பதில், விசாரணை எல்லாமே இணையத்தில் நடக்கின்றன.

ஒரு சேவையாக எடைபோட்டால்: கட்டணம் மலிவு. கோப்புகள் கண்ணாடி போல வெளிப்படை. தகுதி உள்ளவர்களுக்கு விரைவு வழி சொன்னபடி விரைவாகவே நகர்கிறது. விண்ணப்பத்தை அலசிப் பரிசோதகர் தரும் பரிசோதனை அறிக்கையின் தரம் ஏறி இறங்கும். லாக்கர் அறிவிப்பு போன்ற விண்ணப்பங்கள் விழுவதற்குப் பாதிக் காரணம் அலுவலகம். மீதிப் பாதி, முதல் நாள் கொடுத்த விவரக்குறிப்பிலேயே (கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணம்) இருக்கிறது. அந்த இரண்டாவது பாதியைத்தான் இங்கே நீட்டிப் பேச வேண்டும். அதைப் பிறகு சரிசெய்ய வழியே கிடையாது.

விலைப்பட்டியல்

தனிநபர், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு ஒரு விலை. மற்றவர்களுக்கு அதைப் போல ஐந்து மடங்கோ அதற்கு மேலோ. மின்வழியில் தாக்கல் செய்ய ரூ.1,600 (மற்றவர்களுக்கு ரூ.8,000). 30 பக்கத்துக்கு மேல் பக்கம் ஒன்றுக்கு ரூ.160, 10 கிளைமுக்கு (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம்) மேல் கிளைம் ஒன்றுக்கு ரூ.320. விண்ணப்பத்தை முன்கூட்டியே வெளியிடக் கேட்கும் படிவம் 9-க்கு ரூ.2,500. சாதாரணப் பரிசோதனைக்குப் படிவம் 18, ரூ.4,000; விரைவுப் பரிசோதனைக்குப் படிவம் 18ஏ, ரூ.8,000. காகிதத்தில் கொடுத்தால் 10 சதவீதம் கூடுதல். 18ஏ-வை மின்வழியில் மட்டுமே கொடுக்கலாம்.

ஒரு லாக்கர் ஸ்டார்ட்அப் 34 பக்கம், 13 கிளைமுடன் விரைவு வழியில் போவதாக வைத்துக்கொள்வோம். 1,600 + 640 + 960 + 2,500 + 8,000 என்று கூட்டினால் ரூ.13,700. 24 கதவு லாக்கர் ஒன்றின் பூட்டுகளுக்கு ஆகும் செலவில் இது அடங்கிவிடும். காப்புரிமை முகவரின் கட்டணம் தனி. முகவர் இல்லாமல் தானே தாக்கல் செய்யவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கிளைம் எழுதத் தெரியாதவர் அதில் மிச்சம் பிடிப்பது, குளத்திடம் கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போன கதை.

பரிசோதனை தானாக நடக்காது, கேட்டால்தான் நடக்கும். 2024 மார்ச் 15-க்குப் பிறகு தாக்கலான விண்ணப்பங்களுக்கு முன்னுரிமைத் தேதியிலிருந்து (கண்டுபிடிப்பை முதன்முதலில் தாக்கல் செய்த தேதி) 31 மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். முன்பு இது 48 மாதம். பழைய கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்பட்டுவிடும்.

விரைவு வழி எல்லோருக்கும் திறந்ததல்ல. ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், அரசு நிறுவனம், தனிநபர் விண்ணப்பதாரர்களில் ஒரு பெண்ணாவது இருப்பது, சர்வதேச விண்ணப்பத்தில் தேடல் அமைப்பாக இந்தியக் காப்புரிமை அலுவலகத்தைத் தேர்ந்திருப்பது என்று சில வாசல்கள் உண்டு. உள்ளே போய்விட்டால் காலக்கெடு கறாராக விதியில் எழுதப்பட்டிருக்கிறது. கோப்பு ஒப்படைக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள், மிஞ்சினால் இரண்டு மாதத்துக்குள், பரிசோதகர் அறிக்கை தர வேண்டும். கடைசிப் பதில் வந்த மூன்று மாதத்துக்குள் கண்ட்ரோலர் (காப்புரிமை தருவதா மறுப்பதா என்று ஆணையிடும் அதிகாரி) முடிவெடுக்க வேண்டும். வெளியான தேதியிலிருந்து ஆறு மாதம் கழியாமல் காப்புரிமை வழங்க முடியாது என்பது இன்னொரு விதி. படிவம் 9-ஐச் சேர்த்தே கொடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்: அந்த ஆறு மாதக் கடிகாரம் சீக்கிரம் ஓடத் தொடங்கும்.

விண்ணப்பம் கிண்டியில் பதிவானாலும் பரிசோதகர் கிண்டியில்தான் இருப்பார் என்றில்லை. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நான்கு அலுவலகங்களுக்கும் சேர்த்துத் துறைவாரியாகக் கோப்புகள் பிரிக்கப்படுகின்றன. லாக்கர் அறிவிப்பு எந்தத் துறைக்குப் போகும் என்பதை வகைப்பாட்டுக் குறியீடு சொல்லிவிடும். ஏ47ஜி 29/14 என்றால் பொருள் போடும் பெட்டி. ஜி07எஃப் 17/12 என்றால் பூட்டக்கூடிய அறைகள். ஜி07சி 9 என்றால் நுழைவுக் கட்டுப்பாடு. ஜி06க்யூ 10/08 என்றால் சரக்குப் போக்குவரத்து நிர்வாகம். கடைசியாகச் சொன்ன குறியீடு முதலில் வந்து உட்கார்ந்தால், கோப்பைத் திறக்கும்போதே "வணிக முறை" என்ற சந்தேகத்தோடுதான் திறப்பார்கள். தலைப்பும் முதல் கிளைமும் பெட்டி, பூட்டு, உணரி என்று பேசினால் குறியீடும் அந்தப் பக்கம் சாயும்.

எது விழுகிறது, எது நிற்கிறது

சாதாரண லாக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 24 கதவு; கதவுக்கு ஒரு 12 வோல்ட் சோலனாய்டு (மின்காந்த) பூட்டு; பூட்டுக்குள்ளேயே மூடியதைச் சொல்லும் ஒரு மைக்ரோ சுவிட்ச். எல்லாப் பூட்டுகளும் ஆர்.எஸ்.-485 என்ற தரவுக் கம்பியில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகைக்குப் போகின்றன. முன்னால் ஆண்ட்ராய்டு திரை, பின்னால் 4ஜி மோடம், கீழே ஒரு சிறிய யு.பி.எஸ். கூரியர் ஆள் பெறுநரின் எண்ணைத் தட்டுகிறார், கதவு திறக்கிறது, பார்சலை வைத்து மூடுகிறார். சுவிட்ச் "மூடியது" என்கிறது, சர்வர் ஆறு இலக்கக் குறியீடு ஒன்றை உருவாக்கி எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது.

இதற்கு அநேகர் எழுதும் முதல் கிளைம் இப்படி இருக்கும்: "பார்சல் வைக்கப்பட்டதும் பெறுநருக்கு அறிவிப்பு அனுப்பும் சர்வர், 24 மணி நேரத்தில் எடுக்காவிட்டால் நினைவூட்டல், 48 மணி நேரம் தாண்டினால் தாமதக் கட்டணம்."

இது நிற்காது. நிற்காததற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. முதலாவது, இது பழையது. ஜெர்மனியின் பார்சல் லாக்கர் சேவையான பேக்‌ஸ்டேஷன் 2001-ல் தொடங்கியது. போலந்தின் இன்போஸ்ட் பெட்டிகள் 2009-ல் வந்தன. அமேசான் லாக்கர் 2011-ல். இவற்றுக்கெல்லாம் முன்னால், 1998-ல் வழங்கப்பட்ட 5,774,053 எண் அமெரிக்கக் காப்புரிமை, வீட்டு வாசலில் வைக்கும் பெட்டியில் விற்பனையாளரின் குறியீடு சரியாக விழுந்ததும் கம்பியில்லாச் சாதனம் வழியாகச் சேதி போவதைச் சொல்லிவிட்டது. எந்தப் பரிசோதகரின் தேடலிலும் இது, அல்லது இதன் வழித்தோன்றல் ஒன்று, முதல் முன்னறிவு ஆவணமாக (ஏற்கெனவே தெரிந்ததைக் காட்டும் ஆவணம்) வந்து நிற்கும். இரண்டாவது, 24 மணி நேர நினைவூட்டலும் தாமதக் கட்டணமும் கடை நடத்தும் விதிகள். காப்புரிமைச் சட்டம் 1970-ன் பிரிவு 3(கே) வணிக முறையையும், வெறும் கணினி நிரலையும், அல்காரிதத்தையும் கண்டுபிடிப்பு அல்ல என்கிறது. நேரத்தை 24-லிருந்து 18 ஆக்கினாலும், எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பதில் வாட்ஸ்அப் என்றாலும் கதை மாறாது.

அந்த 1998 ஆவணத்தைக் கூர்ந்து படித்தால்தான் வழி தெரியும். அதில் சேதியைக் கிளப்புவது குறியீடு. குறியீடு போட்டார், எனவே பொருள் வந்திருக்கும் என்பது ஊகம். இன்றைய லாக்கர்களில் பலவும் அதே ஊகத்தில்தான் ஓடுகின்றன. குறியீட்டின் இடத்தில் கதவுச் சுவிட்ச் இருக்கிறது, அவ்வளவுதான். கதவு மூடியதும் "உங்கள் பார்சல் தயார்" என்று சேதி போகிறது. பெறுநர் வந்து திறந்தால் காலிப் பெட்டி. கூரியர் ஆள் பெட்டி சிறியது என்று பார்சலைத் திரும்ப எடுத்துக்கொண்டு கதவை மட்டும் தள்ளிவிட்டுப் போயிருப்பார். அல்லது பூட்டின் நாக்கு சரியாக விழாமலே சுவிட்ச் ஒரு கணம் அழுந்தி விலகியிருக்கும். கதவு மூடியது என்பதற்கும் பொருள் உள்ளே இருக்கிறது என்பதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளி ஒரு தொழில்நுட்பச் சிக்கல். அதைத் தீர்ப்பதும் உணரி, மின்சுற்று, நேரக்கணக்கு என்று தொழில்நுட்பமாகவே இருக்கும். பரிசோதனையில் கால் ஊன்ற இடம் இதுதான்.

ஆனால் "பெட்டியில் ஓர் உணரி உண்டு" என்று ஒரு வரி எழுதினால் போதாது. உணரி வைப்பது யாருக்கும் தோன்றும் என்று பரிசோதகர் இரண்டாவது ஆவணம் ஒன்றைக் கொண்டுவந்து கூட்டிவிடுவார்; தெரிந்த சாதனங்களை அடுக்கியது என்று பிரிவு 3(எஃப்) கூட வரலாம். அந்த உணரி எங்கே ஏமாறும், ஏமாறாமல் இருக்க என்ன செய்தீர்கள் என்பதுதான் எழுத வேண்டிய பக்கங்கள். தட்டுக்கடியில் வைக்கும் லோட் செல் (எடை உணரி) காட்டும் அளவு வெயில் ஏற ஏற நகர்ந்துகொண்டே போகும். காலிப் பெட்டியே கொஞ்சம் எடை காட்டும். எனவே ஒவ்வொரு முறை கதவு திறக்கும் முன்னும் ஓர் அளவு, மூடிச் சில விநாடி கழித்து ஓர் அளவு எடுத்து, வேறுபாட்டை மட்டும் பார்க்க வேண்டும். வெறும் காகித உறை என்றால் எடை வேறுபாடு இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அகச்சிவப்பு உணரி வைத்தால், கூரியர்காரர்கள் சுற்றும் கறுப்புப் பிளாஸ்டிக் உறை ஒளியை விழுங்கிவிடும். இரண்டையும் சேர்த்து, எது எப்போது மற்றதைவிட மேலோங்கும் என்று ஒரு முடிவு முறை வகுத்திருந்தால், அதன் வரம்பு எண்களோடு எழுதியிருந்தால், அங்கே புத்தாக்கப் படி (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம்) பிறக்கிறது. பிரிவு 2(1)(ஜேஏ) கேட்கும் "தொழில்நுட்ப முன்னேற்றம்" என்பதற்குக் காட்ட உங்கள் கையில் ஒரு பொருள் இருக்கும்.

அடுத்த வளமான இடம், சேதி போய்ச் சேருவது. லாக்கர் நிற்பது பெரும்பாலும் அடித்தளக் கார் நிறுத்தத்தில்; அங்கே சிக்னல் வரும், போகும். கதவு மூடிய நேரத்திலிருந்து குறியீட்டின் ஆயுளை எண்ணினால், சேதி மூன்று மணி நேரம் மோடத்திலேயே தங்கிவிட்ட நாளில் பெறுநர் மூன்று மணி நேரத்தை இழக்கிறார். மோடம் இணைப்பை இழந்து திரும்பப் பெறும்போது ஒரே நிகழ்வு இரண்டு முறை சர்வருக்குப் போகும்; கருவிகள் சேதி அனுப்பப் பயன்படும் எம்.க்யூ.டி.டி. நெறிமுறையின் 'குறைந்தது ஒரு முறை' முறையில் இது இயல்பு. விளைவு, ஒரே பார்சலுக்கு இரண்டு குறியீடுகள், முதலாவது செல்லாது. நிகழ்வுக்கு ஓர் எண் கொடுத்துப் பலகையின் நினைவகத்திலேயே பதிந்து, அந்த எண்ணோடு குறியீட்டைக் கட்டி, செய்தி சேர்ந்த ரசீது வந்த கணத்திலிருந்து ஆயுளை எண்ணுவது ஒரு தீர்வு. ரசீது வராமலே போகும் சேதிகளும் உண்டு. அப்போது என்ன என்பதையும் விவரக்குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரிவு 10(4)-ன்கீழ் "முழுமையாக விவரிக்கவில்லை" என்ற ஆட்சேபம் நியாயமாகவே வரும்.

இணைப்பே இல்லாமல் லாக்கரும் சர்வரும் தனித்தனியே ஒரே குறியீட்டைக் கணக்கிடுவதைப் பெரிய புதுமை என்று சிலர் எழுதுவார்கள். நேரம் சார்ந்த ஒருமுறைக் குறியீட்டின் பொது வரையறை 2011-லேயே ஆர்.எஃப்.சி. 6238 என்ற இணைய ஆவணமாக வெளியாகிவிட்டது. அதை மையக் கிளைமாக வைப்பது வீண். துணைக் கிளைமில் வைக்கலாம்.

எஸ்.எம்.எஸ். பற்றி இந்தியாவுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிகளின்படி வணிகச் சேதியின் தலைப்பும் வார்ப்புருவும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பொருந்தாத சேதி வழியிலேயே தடுக்கப்படும். மாறும் பகுதி ஒவ்வொன்றுக்கும் எழுத்து வரம்பு உண்டு. 2024 அக்டோபரிலிருந்து சேதியில் வரும் இணைப்பு முகவரியும் முன்னனுமதி பெற்றிருக்க வேண்டும். தமிழில் அனுப்பினால் ஒரு சேதிக்கு 160 எழுத்து என்பது 70 ஆகச் சுருங்கும். சேதி தடுக்கப்பட்டதைக் கண்டறிந்து லாக்கரே வேறு வழிக்கு மாறுவது நல்ல பொறியியல். ஆனால் "டி.எல்.டி. விதிக்கு இணங்குதல்" என்று கிளைமில் எழுதினால், அது சட்ட இணக்கம் ஆகிவிடும், கண்டுபிடிப்பு ஆகாது. தோல்விச் சமிக்ஞை, காத்திருப்பு நேரம், மாற்று வழி என்ற மொழியில் எழுத வேண்டும்.

இப்படிப் பார்த்தால் மையக் கிளைம் ஏறத்தாழ இந்த வடிவத்துக்கு வரும்: "ஒவ்வொரு அறையிலும் கதவு நிலை உணரியும் எடை உணரியும் ஒளி உணரியும், கதவு திறக்கும் முன்னும் மூடிக் குறித்த நேரத்துக்குப் பின்னும் எடுத்த அளவுகளின் வேறுபாட்டை ஒப்பிட்டு, பொருள் இருப்பு உறுதியானால் மட்டும் தனி எண் கொண்ட வைப்பு நிகழ்வை அழியா நினைவகத்தில் பதியும் கட்டுப்பாட்டுப் பலகை, அந்த எண்ணோடு பிணைந்த திறப்புக் குறியீட்டின் செல்லுபடிக் காலத்தை, சேதி சேர்ந்த ரசீதின் நேரத்திலிருந்தோ, ரசீது வராத நிலையில் மாற்று வழிச் சேதியின் நேரத்திலிருந்தோ தொடங்கும் செயலி." இதில் "அறிவிப்பு" கடைசியில்தான் வருகிறது. அதுதான் சரி. கட்டணம், நினைவூட்டல் எல்லாம் விளக்கத்தில் இருக்கட்டும், கிளைமில் வேண்டாம்.

முதல் பரிசோதனை அறிக்கை

அறிக்கை நான்கு பகுதியாக வரும்: சுருக்கம், தொழில்நுட்ப விவரம், முறைசார் குறைகள், பார்த்த ஆவணங்களின் பட்டியல். பரிசோதனையின் பலவீனம் இரண்டாம் பகுதியில் தெரிகிறது. நல்ல பரிசோதகர், கிளைமை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, முதல் ஆவணத்தின் எந்தப் பத்தி எதைச் சொல்கிறது என்று எதிரெதிரே வைத்துக் காட்டுவார். அப்படி வந்த அறிக்கைக்குப் பதில் எழுதுவது எளிது. தோற்றாலும் ஏன் தோற்றோம் என்று தெரியும். மற்ற வகை அறிக்கையில் மூன்று ஆவண எண்கள், அவற்றின் சுருக்கம் வெட்டி ஒட்டியது, "துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றும்", பிறகு "கிளைம் 1 முதல் 13 வரை 3(கே)-யில் விழுகின்றன" என்று ஒரே வரி. அது வணிக முறையா, நிரலா, அல்காரிதமா என்றே சொல்லியிருக்காது. இவை மூன்றும் வேறு வேறு ஆட்சேபம், வேறு வேறு பதில். காரணம் சொல்லாத நிராகரிப்பு ஆணைகளை டெல்லி, சென்னை உயர் நீதிமன்றங்கள் பலமுறை ரத்து செய்து திருப்பி அனுப்பியிருக்கின்றன. அதற்குப் பிறகும் இந்த ஒற்றை வரிப் பழக்கம் முழுசாகப் போகவில்லை.

3(கே) பற்றி அலுவலகத்தின் நிலைப்பாடு பல முறை மாறியிருக்கிறது. 2016 வழிகாட்டுதல்கள் புதிய வன்பொருள் இருந்தால்தான் மேலே பேச்சு என்றன. 2017-ல் அந்த நிபந்தனை எடுக்கப்பட்டது. 2019 டிசம்பரில் ஃபெரித் அலானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், தடை "வெறும்" நிரலுக்குத்தான், நிரல் சார்ந்த எல்லாக் கண்டுபிடிப்புக்கும் அல்ல; தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வணிகப் பரிவர்த்தனையில் பயன்படுகிறது என்பதாலேயே ஒன்று வணிக முறை ஆகிவிடாது என்ற கருத்தில், நிராகரிப்பு ஒன்றை மாற்றியது. லாக்கர்காரர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். 2025 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதல்களும் தொழில்நுட்ப விளைவை மையமாக வைத்தே பேசுகின்றன. பழைய வார்ப்புருவில் "புதிய வன்பொருள் இல்லை" என்ற வாசகம் இன்னும் எட்டிப் பார்த்தால், 2017-ஐச் சுட்டிக் காட்டினால் போதும்.

அமெரிக்காவில் இதே வகைக் கண்டுபிடிப்புக்குக் கதவு இன்னும் இறுக்கம். முன்கூட்டியே வருகை அறிவிக்கும் முறை ஒன்றை 2020-ல் ஷாப்பர்ஸ்சாய்ஸ் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் அருவக் கருத்து என்று தள்ளிவிட்டது. இந்தியாவில் விழுந்ததை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு வேண்டாம். அங்கே போவதாக இருந்தாலும், இந்தியாவில் வசிப்பவர் முதலில் இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது படிவம் 25-ல் முன்னனுமதி வாங்க வேண்டும்.

பதிலுக்கு ஆறு மாதம்; கேட்டால் இன்னும் மூன்று மாதம். நாள் எண்ணுவது அறிக்கை வெளியான தேதியிலிருந்து. மின்னஞ்சலை நீங்கள் திறந்த தேதிக்கு மதிப்பில்லை. வெளிநாட்டு விண்ணப்பங்கள் இருந்தால் அவற்றின் விவரம் சொல்லும் படிவம் 3-ஐ அறிக்கை வந்த மூன்று மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். பதிலுக்குத்தான் ஆறு மாதம் இருக்கிறதே என்று இதையும் சேர்த்துத் தள்ளிப்போடுவது 2024 விதிகளுக்குப் பிறகு அடிக்கடி நேரும் தவறு.

இனித்தான் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர். அறிக்கையைப் பார்த்ததும், "சரி, எடை உணரியைக் கிளைமில் சேர்த்துவிடுவோம்" என்று தோன்றும். பிரிவு 59 விடாது. முதலில் கொடுத்த விவரக்குறிப்பில் இல்லாத எதையும் திருத்தமாகச் சேர்க்க முடியாது. கிளைமைச் சுருக்கலாம், விளக்கலாம், விரிக்க முடியாது. ஓட்டப்படம் மூன்றும் திரைப்பிடிப்பு நான்கும் வைத்து, உணரியைப் பற்றி ஒரு பத்திகூட இல்லாமல் தாக்கல் செய்தவர்களுக்கு இந்த இடத்தில் முகவரும் உதவ முடியாது, கண்ட்ரோலரும் உதவ முடியாது. "அனுப்புவதற்கான சாதனம்", "சரிபார்ப்பதற்கான சாதனம்" என்று பெயரளவில் எழுதி, பின்னால் நிரல் மட்டுமே இருந்தாலும் இதே கதிதான். பலகையின் கம்பி வரைபடம், உணரி தட்டில் எங்கே என்று காட்டும் குறுக்குவெட்டுப் படம், நேர வரைபடம் ஒன்று, இந்த மூன்று படமும் முதல் நாளே உள்ளே இருக்க வேண்டும். அவசரத்துக்குத் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்தவர்களுக்கு முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் இருக்கிறது. அந்த அவகாசத்தில் உணரியைச் சேர்க்கலாம், அதற்குத் தேதி மட்டும் பிந்தியதாக இருக்கும்.

இன்னொரு பொறி, தாக்கலுக்கு முன்பே லாக்கரை ஏதாவது குடியிருப்பில் நிறுத்தி ஓட்டிப் பார்ப்பது. பொதுப் பயன்பாட்டில் வந்தது புதுமை இழக்கும். சோதனைக்காகப் பொதுவில் வைத்தே ஆக வேண்டியிருந்தது என்று காட்ட முடிந்தால் பிரிவு 32 ஓராண்டு வரை சலுகை தருகிறது. ஆனால் வாடகை வசூலித்துக்கொண்டு ஓடிய லாக்கரைச் சோதனை என்று வாதிடுவது கடினம். முதலில் தாக்கல், பிறகு நிறுவல்.

விசாரணையும் அதற்குப் பின்னும்

பதிலில் திருப்தி இல்லையென்றால் கண்ட்ரோலர் விசாரணைக்கு அழைப்பார். காணொளியில்தான் நடக்கிறது, கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ கிண்டிக்குப் பேருந்து பிடிக்க வேண்டியதில்லை. இந்தச் சேவையில் மனதாரப் பாராட்ட வேண்டியது இது. ஒத்திவைக்க வேண்டுமானால் மூன்று நாள் முன்னதாகக் கேட்க வேண்டும்; இரண்டு முறைக்கு மேல் கிடையாது. விசாரணையில் லாக்கர் எவ்வளவு விற்றது, எத்தனை குடியிருப்பில் நிற்கிறது என்று பேசிப் பயனில்லை. முதல் ஆவணத்தில் சேதியைக் கிளப்புவது குறியீடு, இங்கே கிளப்புவது அளவு வேறுபாடு, அதனால் காலிப் பெட்டிச் சேதி நிற்கிறது என்று மூன்று வாக்கியத்தில் சொல்லி, நேர வரைபடத்தைத் திரையில் காட்டினால் பேச்சு தடத்தில் ஏறும். விசாரணை முடிந்த 15 நாளுக்குள் எழுத்து வடிவ வாதத்தைக் கொடுத்துவிட வேண்டும். திருத்திய கிளைமை அதோடு இணைக்க மறந்தால், கண்ட்ரோலர் பழைய கிளைமை வைத்துத்தான் ஆணை எழுதுவார்.

நிராகரித்தால், ஒரு மாதத்துக்குள் படிவம் 24-ல் மறுஆய்வு கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டதால், கிண்டிக் கோப்புகள் இப்போது சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போகின்றன.

குறைகளில் முக்கியமானது மொழி. விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். தமிழில் யோசித்துப் பட்டறையில் உருவாக்கியவர், மொழிபெயர்ப்பில் தன் உணரியின் நுணுக்கத்தை இழக்கும் அபாயம் உண்மையானது. "மூடிய பின்" என்பதும் "மூடும்போது" என்பதும் கிளைமில் வேறு வேறு உரிமை. மின்வழித் தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்துச் சான்று வேண்டும். தளம் பழைய பாணி. கடைசி நாள் மாலையில் அதை நம்பி உட்காரக் கூடாது. தாக்கலுக்கு முன் "இது 3(கே)-யில் விழுமா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மேசை கிடையாது.

அந்த மேசைக்கு மாற்றாக அலுவலகமே இலவசமாகத் திறந்துவைத்திருப்பது ஒன்று இருக்கிறது. ஐ.பி. இந்தியா தளத்தின் இன்பாஸ் தேடலில் ஜி07எஃப் 17/12, ஏ47ஜி 29/14 என்ற குறியீடுகளைப் போட்டு, வெளியான இந்திய விண்ணப்பங்களைத் திறந்தால், ஒவ்வொன்றுக்கும் வந்த பரிசோதனை அறிக்கை, விண்ணப்பதாரர் கொடுத்த பதில், விசாரணை அறிவிப்பு, இறுதி ஆணை எல்லாம் அப்படியே படிக்கக் கிடைக்கும். பத்துக் கோப்பைப் படிக்க இரண்டு நாள் ஆகும். விண்ணப்பமான படிவம் 1-ஐத் தொடும் முன் அந்த இரண்டு நாளை ஒதுக்கிவிடுங்கள். பரிசோதகர் அடுத்து எந்த ஆவணத்தை எடுத்து நீட்டுவார் என்பது ஆறாவது கோப்பிலேயே தெரிந்துவிடும்.